ரெஜிஸ்டரில் ஏறாத எண்ணெய்

பிப்ரவரி 3, வெள்ளி

இது உரக்கடைக்காரர் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பருத்திக்கு எப்போது மருந்தடிக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு ஒரு செண்டு நிலம் கிடையாது. ஒரு மாதமாகச் சும்மா கிடந்ததற்கு இன்றைக்குத்தான் வேலை வந்தது.

காரணம், மகளிடம் வாங்கிய திட்டு. ஷெட்டில் ஒரு ரெஜிஸ்டர் உண்டு. யார் என்ன செய்தாலும், ஒரு திருகை மாற்றினாலும், தேதி போட்டு அதில் எழுத வேண்டும். நேற்று நான் "லேத் பெல்ட் மாற்றினேன். டீயில் சீனி இல்லை. முதலாளியம்மா கவனிக்கவும்" என்று எழுதி வைத்தேன். செண்பகம் சிவப்பு மையால் பின்பாதியை அடித்துவிட்டாள்.

"அப்பா, இது ஆபீசருங்க வந்து பாக்கிற ரெஜிஸ்டர். இதுல வேலை மட்டுந்தான் வரணும்."

"சிரிக்கிறது வேலையில சேராதா?"

"சேராது. ஒங்க சிரிப்பாணிய வேற நோட்டுல எழுதிக்கிடுங்க."

ஆகவே இந்த நோட்டு. எழுதுகிறவன் கொம்பையா. பத்தாவது இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் தமிழில் மட்டும் பாஸானவன். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் மெஷின் பார்த்த லேத்துக்காரன். இப்போது என் மகளிடம் வேலைக்காரன். என் பேச்சைக் கேட்காத பிள்ளை பேச்சை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 6, திங்கள்

செண்பகவல்லி இன்ஜினியரிங் படித்து, பெங்களூரில் நாலு வருஷம் இருந்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் விடுகிற அட்டை ராக்கெட்டுக்கு மோட்டார் செய்யப்போகிறேன் என்று திரும்பி வந்தவள். மோட்டார் என்றால் சுற்றுகிற சாமான் இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு அட்டைக்குழாய். அடியில் களிமண்ணில் ஒரு சின்ன வாய். அதற்கு மேலே இறுக்கிய மருந்து. பத்த வைத்தால் வாய் வழியாகப் புகை பீய்ச்சி, ராக்கெட்டை மேலே தள்ளும். ஊரில் "கொம்பையா மக வாணம் செய்யுதா" என்கிறார்கள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

எட்டயபுரம் ரோட்டில் ஒரு பழைய குடோன்தான் எங்கள் ஷெட். லைசென்ஸ் அவள் பேரில். மருந்து இறுக்குவது முப்பிடாதி. சாத்தூர்ப் பக்கம் இருபது வருஷம் பட்டாசு வேலை பார்த்தவள். மற்ற எல்லாம் நான்.

இப்போதுள்ள மோட்டார் கிளம்பும்போது மந்தம். கரிசல் காட்டுக் காற்றுக்கு ராக்கெட் சாய்ந்துவிடுகிறது. செண்பகம் புதுசாக ஒன்று வரைந்திருக்கிறாள். நடுவில் உள்ள துளையை நீளமாக்கினால் எடுத்த எடுப்பிலேயே தள்ளுமாம். துளை நீளம் என்றால், மருந்து இறுக்கும்போது நடுவில் நிற்கிற கம்பியும் நீளமாக வேண்டும். இறுக்கி முடித்து அதை உருவி எடுக்க வேண்டும்.

"கம்பி கண்ணாடி மாதிரி இருக்கணும்ப்பா. மொகம் தெரியணும்."

"என் மொகம் தெரிஞ்சா நீதாம் பயப்படுவ."

கடைந்து முடித்தேன். இடது கை கொஞ்ச நாளாகத் தானாகத் தாளம் போடுகிறது. மிருதங்கத்துக்குப் போயிருக்க வேண்டிய கை, லேத்தில் வந்து மாட்டிக்கொண்டது. கம்பியில் லேசாகக் கோடு கோடாக இருந்தது. முகம் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. ரெஜிஸ்டரில் "புதுக் கம்பி 1. சரி பார்த்தது: கொ." என்று எழுதினேன்.

பிப்ரவரி 9, வியாழன்

முதல் ஐந்து மோட்டார் இறுக்கியாயிற்று. கம்பி வர மாட்டேன் என்கிறது.

"பல்லுப் புடுங்குத மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி" என்று முப்பிடாதி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் நாலு கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது. "பாப்பாட்டச் சொல்லிருவமா?"

"சொன்னா வேற கம்பி கேப்பா. இருபத்தெட்டாம் தேதி அறிவியல் தினம். ஆறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும். நாம்பாத்துக்கிடுதேன்."

"பாத்துக்கிடுதேன், பாத்துக்கிடுதேம்பீக. கை என் கை."

நியாயமான பேச்சு.

பிப்ரவரி 10, வெள்ளி

காலையில் பொன்னுத்தாய் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தேடினாள். அது என் பையில் இருந்தது.

"மண்டையில ஒத்த முடி கெடையாது. ஒமக்கு எண்ணெய் என்னத்துக்கு?"

"மொளைக்கட்டுமேன்னுதான்."

முப்பத்திரண்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள், சிரிக்கக்கூட இல்லை.

முப்பிடாதியின் கைக்கு இன்று விடுமுறை. துணியில் ரெண்டு சொட்டு விட்டுக் கம்பியைத் துடைத்துக் கொடுத்தேன். வெண்ணெயில் செருகிய கத்தி மாதிரி வந்தது. அவள், "ஒம்ம கையில வித்தை இருக்கு" என்றாள். மத்தியானத்துக்குள் இருபத்துநாலு முடிந்தது. ரெஜிஸ்டரில் எழுதலாமா என்று பேனாவைத் திறந்தேன். எழுதினால் எண்ணெய் ஏன் என்பாள். கம்பி ஏன் ஒட்டியது என்பாள். எண்ணெய்க் கதை எல்லாம் சிரிப்பாணியில் சேர்த்தி. அதற்குத்தான் இந்த நோட்டு இருக்கிறதே.

பிப்ரவரி 18, சனி

வெள்ளோட்டம். ஒன்பதாம் தேதி இறுக்கிய ஐந்தையும் விட்டுப் பார்த்தோம். ஐந்தும் காற்றை மதிக்காமல் நேரே போயின. செண்பகம் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடி ஓடிப் பொறுக்கி வந்தாள். ஆறாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்து, அதற்கும் கைதட்டு வாங்கியவள். அப்படி ஓடி இப்போதுதான் பார்க்கிறேன்.

"கம்பி நல்லா அமைஞ்சிட்டுப்பா" என்றாள்.

பிப்ரவரி 28, செவ்வாய்

ஒரு பள்ளிக்கூடத்தில் மோட்டார் வெடித்துவிட்டது. ஒரு டீச்சருக்கு அடி.

மார்ச் 1, புதன்

டீச்சர் பேர் ஜெசிந்தா. அறிவியல் டீச்சர். பிள்ளைகளைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்திவிட்டு, தான் மட்டும் சுவிட்ச் பக்கம் நின்றிருக்கிறார். இரண்டு ராக்கெட் நன்றாகப் போயிருக்கின்றன. மூன்றாவது மேலே கிளம்பவே இல்லை, நின்ற இடத்தில் வெடித்திருக்கிறது. களிமண் சில்லு வலது கண்ணில். மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

செண்பகம் நேற்றே ஆறு பள்ளிக்கூடத்துக்கும் போன் போட்டு, ஸ்கூட்டரில் தானே போய், ஒரு மோட்டார் விடாமல் திருப்பி வாங்கிவிட்டாள். இன்று ஆபீசர்கள் வந்து அத்தனையையும் பெட்டியில் போட்டு அரக்கு வைத்து எடுத்துப் போனார்கள். விற்கக்கூடாது, காரணம் கண்டுபிடித்து அறிக்கை கொடுக்கும்வரை சோதனைக்கு மட்டும் செய்யலாம் என்று உத்தரவு.

அவர்கள் போன பிறகு ரெஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"அப்பா, ஏதாச்சும் மாத்துனமா? சின்னதா? யோசிச்சுச் சொல்லுங்க."

"ரெஜிஸ்டர்ல இருக்கதுதாம்மா."

ரெஜிஸ்டரில் என்ன இருந்ததோ அதுதான் இருந்தது. பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லை.

மார்ச் 3, வெள்ளி

சும்மா இருந்த நேரம், கம்பியை டவுனுக்குக் கொண்டுபோய்ப் பழைய சிநேகிதன் பட்டறையில் பாலீஷ் போட்டு வந்தேன். இப்போது முகம் தெரிகிறது என்றான். நான் பார்க்கவில்லை.

எண்ணெய் பாட்டிலை வரும் வழியில் ஓடையில் போட்டேன். அது காலி பாட்டில்தான்.

மார்ச் 9, வியாழன்

மதுரை. இரண்டு கிலோ சாத்துக்குடியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். செண்பகம் ஏற்கனவே மூன்று தடவை போய்விட்டாள். நான் யார் என்று சொன்னதும் ஜெசிந்தா டீச்சர் எழுந்து உட்காரப் பார்த்தார். பாதி முகம் கட்டு. வலது கண் போய்விட்டது என்று அவரே சொன்னார், பஸ் போய்விட்டது என்கிற மாதிரி.

"இனிமே பரீட்சைப் பேப்பர் திருத்தறது சீக்கிரம் முடிஞ்சிரும் சார். ஒரு பக்கந்தான தெரியும்."

சிரிக்க வேண்டிய இடம். இதில் நான் கெட்டிக்காரன் என்று பேர். சிரிப்பு வரவில்லை. சாத்துக்குடியை உரித்துக் கொடுக்கலாம் என்று எடுத்தேன். கை தாளம் போட ஆரம்பித்தது. திரும்பப் பையில் வைத்துவிட்டேன்.

"ஒங்க மக தெனமும் போன் பண்ணுது. எதனாலன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுவேன் டீச்சர்ங்குது. எனக்கு நஷ்ட ஈட்டை விட அது வேணும் சார். பிள்ளைங்க வந்து ‘ஏன் டீச்சர் வெடிச்சுது'ன்னு கேக்குதுங்க. அறிவியல் டீச்சர் ‘தெரியலடா'ன்னு எத்தனை நாளைக்குச் சொல்றது?"

"கண்டுபிடிச்சிரும் டீச்சர்" என்றேன்.

"நீங்களும் கூட நின்னு பாருங்க."

அவர் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தேன். எதற்கு வாங்கினேன் என்று பஸ் விருதுநகர் தாண்டும்வரை யோசித்தேன்.

மார்ச் 15, புதன்

நாற்பது மோட்டார் செய்து பற்ற வைத்தாயிற்று. ஒன்றுகூட வெடிக்கவில்லை.

நாற்பத்தொன்றிலிருந்து கொடுமைப்படுத்த ஆரம்பித்தாள். வெயிலில் காயப் போட்டாள். ஐஸ் பெட்டியில் வைத்தாள். ஷெட் கூரை உயரத்திலிருந்து தரையில் போட்டு எடுத்தாள். பஸ் குலுக்கல் மாதிரி இருக்கட்டும் என்று என் சைக்கிள் கேரியரில் கட்டி என்னை எட்டயபுரம் வரை போய் வரச் சொன்னாள். போய் வந்தேன். முதுகுதான் போனது. மோட்டார்கள் நல்ல பிள்ளையாக எரிந்தன.

"எரிஞ்சா நல்லதுதானம்மா?"

"இல்லப்பா. என் டிசைன்ல எங்கயோ தப்பு இருக்கு, அது எனக்குத் தெரியல. தெரியாம இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு நான் எப்படிக் குடுப்பேன்? தொளைய நீளமாக்கினது நான். அந்த டீச்சர் கண்ணுல அடிச்சது நாந்தான்."

எல்லாவற்றையும் ரெஜிஸ்டரில் எழுதுகிறாள். சிவப்பு மை தீர்ந்து இன்னொரு பேனா வாங்கியிருக்கிறாள். வீட்டில் தட்டை வைத்தால் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

மார்ச் 22, புதன்

இன்று ஒன்று வெடித்தது. அது வேண்டுமென்றே மருந்தைக் கீறி வைத்தது. வெடிக்கும் என்று தெரிந்தேதான் செய்தாள். ஆனால் எந்த இடத்தில் பிளக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று மணல் மூட்டையைத் தாண்டிப் பக்கத்தில் போய் நின்றாள். கூப்பிட்டேன், காதில் வாங்கவில்லை. சில்லு ஒன்று முழங்கையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. ஒரு சாண் மேலே என்றால் முகம்.

முப்பிடாதிதான் தன் சேலையைக் கிழித்துக் கட்டினாள். கட்டும்போது ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முடிச்சுப் போட்டாள்.

"இதில்லப்பா. இது வேற மாதிரி பொளந்திருக்கு" என்று செண்பகம் ரத்தத்தைப் பார்க்காமல் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வாரம் இன்னும் கிட்டப் போயிப் பாக்கணும்."

வீட்டில் பொன்னுத்தாய் கையைப் பார்த்துவிட்டு மகளை ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் வந்தாள்.

"போன மாசம் கொண்டுபோன எண்ணெய் பாட்டில் என்னாச்சு?"

"தொலைஞ்சு போச்சு. வேற வாங்கிட்டம்ல."

"எண்ணெய் என்னத்துக்குன்னு அன்னிக்கே கேட்டேன். நீரு எதுக்கும் நேரா பதில் சொன்ன ஆளா?"

மார்ச் 27, திங்கள்

இன்று செய்த எட்டு மோட்டாரில் ஒன்று வழுவழுப்பாகச் செய்யப்பட்டது. முப்பிடாதி சாப்பிடப் போன நேரத்தில் செய்யப்பட்டது. யாரால் என்று எழுதவில்லை.

நான் நினைத்தது இதுதான். அவள் கெட்டிக்காரி. ஒன்று சரியானபடி வெடித்தால் போதும். சில்லை எடுத்து முகர்ந்தால் தானே கண்டுபிடித்துவிடுவாள். டிசைனில் தப்பு இல்லை என்று ஆகிவிடும். பக்கத்தில் போய் நிற்பதும் நின்றுவிடும். யாரும் வாயைத் திறக்க வேண்டிய வேலை இல்லை.

மணல் மூட்டையை இரண்டு வரிசையாக்கினேன். அறுபதடி தள்ளி நின்றுதான் சுவிட்ச் போட வேண்டும், இல்லை என்றால் லேத்து மேலே ஏறிப் படுத்துக்கொள்வேன் என்று சண்டை போட்டு வயரை நீட்டி வைத்தேன். இதில் மட்டும் ஜெயித்தேன்.

மார்ச் 28, செவ்வாய்

ஆறாவது வெடித்தது.

புகை அடங்குமுன் ஓடினாள். களிமண் துண்டுகளைப் பொறுக்கினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். போட்டோவில் இருந்த பள்ளிக்கூடத்துச் சில்லோடு வைத்துப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"எண்ணெய்ப்பா! எண்ணெய்!"

வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு இன்னும் ஒத்துக்கொள்ளாத, இருபத்தெட்டு வயசுப் பெண் பிள்ளை, சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். எண்ணெய் பட்டால் மருந்து களிமண்ணைப் பிடிக்காதாம். நடுவில் மயிரிழை இடைவெளி விழுமாம். தீ அதற்குள் நுழைந்தால் கொஞ்சம் கொஞ்சமாக எரிய வேண்டியது மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளுமாம். எல்லா மோட்டாரிலும் இடைவெளி விழாது, சிலதில்தான் விழும், அதனால்தான் இரண்டு போய் மூன்றாவது வெடித்தது என்று மண்ணில் படம் போட்டு விளக்கினாள். நான் கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரியாத விஷயம்தான். எண்ணெய் இப்படியெல்லாம் செய்யும் என்று தெரிந்தவன் யார்.

"டிசைன்ல தப்பில்லப்பா. என் டிசைன்ல தப்பில்ல."

பிறகு மறுபடி முகர்ந்தாள்.

"மெஷின் எண்ணெய் இல்ல. தேங்காய் எண்ணெய். தலைக்கு வைக்கிறது."

அப்படிச் சொல்லிவிட்டு ஷெட் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே முப்பிடாதி நின்றாள், வழக்கம்போல் படிய எண்ணெய் வைத்து வாரி, இறுக்கிக் கொண்டை போட்டு.

இதை நான் யோசிக்கவே இல்லை. சத்தியமாக யோசிக்கவில்லை.

மார்ச் 29, புதன்

மருந்து அறைக்குள் போகிற பெண்கள் தலையைத் துணியால் கட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். முதல் நாளிலிருந்து சுவரில் எழுதி ஒட்டியிருக்கிற விதி. முப்பிடாதி ஒரு நாள் தவறினதில்லை.

செண்பகம் அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, எனக்கு ஒங்க மேல கோவம் இல்ல. நெசத்தை மட்டும் சொல்லுங்க. கை கழுவாம கம்பியத் தொட்டீங்களா? என்னைக்காச்சும்?"

முப்பிடாதி அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் லேத்து மேலே கிடந்த துணியை மடித்தேன். மடித்ததைப் பிரித்தேன். மறுபடி மடித்தேன்.

"ஞாபகம் இல்ல பாப்பா" என்றாள் முப்பிடாதி.

"முந்தாநேத்து?"

"முந்தாநேத்தும் ஞாபகம் இல்ல."

செண்பகம் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றாள். முப்பிடாதி தூக்குவாளியை எடுத்தாள். செருப்பை மாட்டினாள். தலையில் கட்டியிருந்த துணி ஷெட்டுச் சொத்து என்று அவிழ்த்து ஆணியில் தொங்கவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 1, சனி

அறிக்கை தயார். செண்பகம் எனக்கு வாசித்துக் காட்டினாள். இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னாள். "பணியாளர் கையிலிருந்த தலை எண்ணெய் கம்பியில் பட்டதே காரணம். வடிவமைப்பில் குறை இல்லை." பணியாளர் பேர், தகப்பனார் பேர், விலாசம். புதன்கிழமை கொடுக்க வேண்டும். கொடுத்தால் போலீஸ் முப்பிடாதியைக் கூப்பிடும். கவனக்குறைவால் காயம் என்று கேஸ் எழுதுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

"நல்லா இருக்காப்பா?"

"எழுத்துப் பிழை இல்லை" என்றேன்.

இதுதான் நான் செய்த கடைசி வேடிக்கை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 3, திங்கள்

முப்பிடாதி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"நீ ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கேட்கிற யோக்கியதையைப் பாருங்கள்.

"நாஞ் சொன்னா, தப்பிச்சுக்கிட அண்ணாச்சி மேல பழி போடுதாம்பாவ. நீங்க சொன்னாத்தாம் அது சொல்லு. அன்னிக்கு நீங்க வாயத் தெறப்பீகன்னு பாத்தேன். தெறக்கல. சரி, அண்ணாச்சிக்கு இன்னுங் கொஞ்சம் நேரம் வேணும்போலன்னு நானும் தெறக்கல."

"என்னை மன்னிச்..."

"அதெல்லாம் வேண்டாம். மொதத் தரம் வச்சீக, என் கைக்காக வச்சீக. அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ரெண்டாந் தரம் வச்சீகளே, நாஞ் சோறு திங்கப் போன நேரம் பாத்து. அது யாருக்காக?"

ஓரமாக உருண்டு கிடந்த ஒரு மிளகாயை எடுத்து மற்றதோடு போட்டேன்.

"இருவது வருசம் மருந்துக்குள்ள இருந்தவ நான். என் கையால ஒரு புஸ்வாணம் நமுத்ததில்ல. இந்த ஊர்ல இப்ப என்னைய ஒரு ஆபீசுலயும் மருந்து ரூமுக்குள்ள விட மாட்டாவ. பொட்டிக்கு லேபிள் ஒட்டலாமாம். ஒட்டுதேன்."

மிளகாயைப் பரத்திக்கொண்டே பேசினாள். உள்ளங்கையில் பழைய கொப்புளம் காய்ந்து காசு காசாகத் தடித்திருந்தது.

"எப்பச் சொல்லப் போறீக?"

"நாளைக்கு."

"நாளைக்குச் சொல்லலைன்னா புதன்கிழமை நானே பாப்பாட்ட வருவேன். அவ நம்புனா நம்பட்டும், நம்பாட்டி போகட்டும். ஆனா அண்ணாச்சி, நான் வந்து சொல்லிப் பாப்பா கேட்டாள்னு வையிங்க, அவளுக்கு அப்பா இல்ல."

ஏப்ரல் 4, செவ்வாய்

செண்பகம் அறிக்கைக்கு உறை தேடிக்கொண்டிருந்தாள். நான் ரெஜிஸ்டரை எடுத்தேன். பிப்ரவரி பத்தாம் தேதியைத் திறந்தேன். "மு: 24 மோட்டார். கொ: உதவி" என்று இருந்தது. அதற்குக் கீழே அரை வரி இடம் காலி. அன்றைக்கு எழுதியிருந்தால் அரை வரிதான்.

எழுதினேன்: "கம்பி சரியாகக் கடையப்படவில்லை. ஒட்டியது. நான் தேங்காய் எண்ணெய் தடவினேன். மார்ச் 27 அன்று மறுபடியும் தடவினேன். முப்பிடாதிக்கு இதில் சம்பந்தம் இல்லை. கொம்பையா. இதை எழுதுவது ஏப்ரல் 4." அரை வரியில் கொள்ளவில்லை. ஓரமாக ஏறி, மேலே சுற்றி, எறும்பு வரிசை மாதிரி போயிற்று. இடது கையால் தாளை அமுக்கிப் பிடித்தும் எழுத்து ஆடியது.

அவள் முன்னால் வைத்தேன். இந்த டைரியையும் வைத்தேன்.

வாசித்தாள். ரெஜிஸ்டரை ஒரு தடவை, டைரியை முதலிலிருந்து. நான் நின்றேன். சாத்துக்குடி வரும் பக்கத்தில் கொஞ்சம் நிறுத்தினாள். எழுத்துப் பிழை இல்லை என்று நான் சொன்ன பக்கத்தில் இன்னும் அதிக நேரம் நிறுத்தினாள். கத்துவாள், அடித்தால்கூட அடிக்கட்டும் என்று இருந்தேன்.

பேனாவை எடுத்தாள்.

"எத்தனை சொட்டு?"

"என்னம்மா?"

"எத்தனை சொட்டு வச்சீங்க? ஒரு தடவைக்கு."

"ரெண்டு. துணியில விட்டு."

"ஒவ்வொரு மோட்டாருக்குமா?"

"மூணு மோட்டாருக்கு ஒருக்க."

"எட்டுத் தடவை. பதினாறு சொட்டு." எழுதினாள். "கம்பி ஏன் ஒட்டுச்சு?"

கோடு கோடாக இருந்தது என்றேன். ஏன் கோடு விழுந்தது என்றாள். இடது கையைத் தூக்கி மேஜை மேல் வைத்தேன். அது பாட்டுக்குத் தாளம் போட்டது. அவள் அதைப் பார்த்தாள், மோட்டார் எரியும்போது முள் ஆடுகிற மீட்டரைப் பார்க்கிற மாதிரி. தொடவில்லை.

"எத்தனை மாசமா?"

"தீபாவளியில இருந்து."

அதையும் எழுதினாள். பிறகு அறிக்கையை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

"மொதல்ல முப்பிடாதியக்கா வீட்டுக்குப் போறோம். நீங்க பேச வேண்டாம். நான் பேசணும். அன்னைக்கு நான் ரெஜிஸ்டரைக்கூடத் திறந்து பாக்கல. கொண்டையத்தான் பார்த்தேன்."

அங்கே போனோம். மகள் அந்த வீட்டு வாசலில் கை கூப்பி நின்றாள். முப்பிடாதி அவளை உள்ளே கூப்பிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் காய்ந்த மிளகாய்க்குக் காவல் இருந்தேன்.

ஏப்ரல் 5, புதன்

இன்றைக்குப் புது அறிக்கையை ஆபீசர்களிடம் கொடுத்துவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறோம். அதில் என் பேர், தகப்பனார் பேர், விலாசம். பொன்னுத்தாய் இட்லி வைத்தாள். மாற்று வேட்டி ஒன்றும் துண்டு ஒன்றும் மடித்துப் பையில் வைத்திருக்கிறாள்.

காலையிலேயே ஜெசிந்தா டீச்சருக்குப் போன் போட்டேன். வீட்டுக்கு வந்துவிட்டாராம். ஏன் வெடித்தது என்று சொன்னேன். முழுவதையும், கம்பியிலிருந்து. அறிவியல் டீச்சர் இல்லையா, நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி விளக்கம் கேட்டார். இடைவெளி எப்படி விழும் என்று கேட்டார். செண்பகம் மண்ணில் போட்ட படத்தை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன்.

"புரியுது" என்றார். பிறகு, "சாத்துக்குடி கொண்டு வந்தீங்களே சார், அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

"எண்ணெய் வச்சது தெரியும் டீச்சர். அதனாலதான்னு சந்தேகம் இருந்துச்சு."

"சந்தேகந்தான் இருந்துச்சா?"

"இல்ல டீச்சர். தெரியும்."

வைத்துவிட்டாரா, பிடித்துக்கொண்டே இருக்கிறாரா என்று தெரியாமல் நானும் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு பார்த்தால் எப்போதோ வைத்திருக்கிறார்.

நேற்று எழுதியதற்குக் கீழே ரெஜிஸ்டரில் செண்பகம் சிவப்பு மையில் ஏதோ போட்டிருந்தாள். அடித்துவிட்டாளோ என்று பார்த்தேன். அடிக்கவில்லை. "சரி பார்த்தது: செ." என்று மட்டும் இருந்தது.

வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறாள். டைரியையும் கொடுக்க வேண்டுமாம், சாட்சிக்கு. பருத்திக்கு மருந்தடிக்கிற தேதியெல்லாம் ஆபீசர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

கையை நீட்டுகிறாள். கொடுக்கிறேன்.